பாலக்காட்டில் வாடகை குறைவு

சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்கு வெற்றிலை, எனக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் வியாதி. காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினால், "இதே காய் சித்தூர்ல என்ன விலை தெரியுமா?" என்று கேட்காமல் பையை விரிக்க மாட்டேன். (சித்தூரை நான் பார்த்ததில்லை. திருப்பதி போகும் வழியில் பஸ் அங்கே நின்றபோது தூங்கிக்கொண்டிருந்தேன்.) ஒரு கடைக்காரர் கடைசியில் பொறுமை இழந்து, "அப்ப சித்தூருக்கே போய் வாங்கிக்குங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். அதையும் நான் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை இந்த வியாதி முற்றிப்போய், குடியிருந்த வீட்டையே கொண்டுபோகப் பார்த்தது. அந்தக் கதையை என் மனைவி வசந்தா சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். அவள் சொல்லும்போது எனக்கு அதில் ஒரே ஒரு வாக்கியம்தான்: "இவர் வாயைத் திறந்தார்." என் பக்கத்து நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காக நான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். (சொல்லி முடித்தபின் அப்படி ஒன்று இல்லை என்பது தெரியவரும்.)

அப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டை ஒட்டி ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்காரர் கோவிந்தராஜு சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் கையில் இருந்த டார்ச் லைட் போகவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அந்த டார்ச்சோடு கொல்லைப்பக்கம் ஒரு நடை வந்து, எங்கள் பக்கம் எத்தனை விளக்கு எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பார். காரணம், எங்களுக்குத் தனி மீட்டர் கிடையாது. கரண்டுக் கணக்கு 'பாயிண்ட்'டில்தான். ஒரு பல்பு ஒரு பாயிண்ட், ஃபேன் இரண்டு பாயிண்ட். கொல்லை விளக்கைப் போட்டால் கூடத்து விளக்கை அணைத்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஆனால் அந்தப் பின்கட்டில் ஒரு அதிசயம் இருந்தது. சமையலறைக்குள்ளேயே குழாய். தெருவில் பாதிப் பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, வசந்தா அடுப்படியில் நின்றபடி கையை நீட்டிக் காவேரியைப் பிடிப்பாள். அவள் டீச்சராக இருந்த பெண்கள் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. முதல் மணி அடித்தபின் செருப்பை மாட்டினால் இரண்டாவது மணிக்குள் வகுப்பில் இருக்கலாம். அந்த வீட்டை அவள் சும்மா பிடிக்கவில்லை. தாயார் சந்நிதியில் வீட்டுக்காரம்மாவைச் சிநேகம் பிடித்து, வெள்ளிக்கிழமை தவறாமல் பக்கத்தில் நின்று, கிட்டத்தட்ட ஒரு வருஷம் பேசிப் பேசிப் பிடித்தாள். "இந்த வீடு முன்னாடியே கிடைச்சிருந்தா உங்களைக் கட்டிக்கிட்டிருக்க மாட்டேன், வீடே போதும்" என்பாள். பாதி விளையாட்டுதான் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. அந்தக் காலத்தில் இதைக் கேட்காத வாய் கிடையாது. பால்காரர் கேட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை போடுகிறவர் கேட்டார். உறையூரிலிருந்து மாமியார் வரும்போதெல்லாம் வாயால் கேட்காமல் பெருமூச்சால் கேட்டார். வீட்டுக்காரம்மா மட்டும் கேட்டதே இல்லை. எங்களுக்காகத் தாயாரிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார் என்பதுகூட வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. வசந்தாவுக்கு அந்த அம்மாவிடம் அவ்வளவு ஒட்டுதல் இருந்ததற்குக் குழாய் மட்டும் காரணமில்லை.

இப்படி நிம்மதியாக இருந்த வீட்டுக்குள் என் மாமியார் ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். மறுநாளே கோவிந்தராஜு சார் வந்து நின்றார்.

"தம்பி, மிக்ஸின்னு ஒண்ணு வந்திருக்கு போல. முன்கட்டு வரைக்கும் சத்தம் கேக்குது."

"ஒரு நாளைக்கு ரெண்டு நிமிஷம்தான் சார் ஓடும்."

"ரெண்டு நிமிஷம் நின்னாலும் ஸ்டேஷன் ஸ்டேஷன்தானுங்களே. அதை ரெண்டு பாயிண்ட்டா வெச்சுக்குவோம். அப்புறம் ஆவணியிலேர்ந்து வாடகையும் ஒரு பத்து ரூபா கூடப் போட்டுக் குடுங்க. ஊரே ஏத்திடுச்சு, நான் மட்டும் அப்படியே இருக்கேன்."

நியாயமாகப் பார்த்தால் அது அதிகமில்லை. ஆனால் என் வியாதிக்காரப் புத்தி நியாயத்தைப் பார்க்காது, பக்கத்து மாநிலத்தைத்தான் பார்க்கும். அன்றைக்கே ஆபீஸில் ஜோசப்பைப் பிடித்தேன்.

ஜோசப் என்னோடு கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். மேலப்புதூர்க்காரன். எங்கள் பம்புசெட் கம்பெனிக்குப் பாலக்காட்டில் ஒரு சின்னக் கிளை இருந்தது. அவ்வப்போது கணக்குப் பார்க்க அவன்தான் அங்கே போய்வருவான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மற்றவர்கள் சொன்னால் கண்டுபிடிக்கவும் தெரியாது. இந்த இரண்டாவது குணத்தை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"பாலக்காட்டுல வீட்டு வாடகை எப்படிப்பா?" என்றேன்.

"அதை ஏன் கேக்கற! நம்ம பிராஞ்ச் கிளார்க் சுப்பிரமணியன் இருக்கான்ல, அவன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பின்கட்டு முன்கட்டுன்னு இல்ல, முழு வீடு. கிணறு, மா, பலா, வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் தென்னை. நீ குடுக்கறதுல பாதிகூட இருக்காது அவன் வாடகை. கரண்டுக்குத் தனி மீட்டர். எத்தனை பல்பு எரிச்சாலும் கேக்க ஆளில்ல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சுப்பிரமணியனின் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு கேரளா முழுவதையும் அளந்து முடித்தேன். வாடகை பாதி. அருவியிலிருந்தே கரண்டு எடுக்கிறார்கள், ஆகவே அதுவும் பாதி. மழை பெய்துகொண்டே இருக்கிறது, ஆகவே தண்ணீருக்குச் செலவே இல்லை. தேங்காய் தானாக விழுகிறது. பெங்களூரையும் ஒரு பேச்சுக்குச் சேர்த்துப் பார்த்தேன். அங்கே பத்து மாச வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள் என்றதும் கர்நாடகத்தை அத்தோடு தள்ளுபடி செய்துவிட்டேன்.

பாலக்காட்டுக்குப் போகிற எண்ணம் எனக்குக் கடுகளவும் இல்லை. காவேரிப் பாலத்தைத் தாண்டி ஆபீஸ் போவதே எனக்கு வெளியூர்ப் பயணம் மாதிரிதான். என் திட்டம் வேறு. பாலக்காட்டைக் காட்டி மிரட்டினால் வீட்டுக்காரர் பயந்துபோய் வாடகையை ஏற்றாமல் விட்டுவிடுவார். நல்ல குடித்தனம் போய்விடுமே என்ற கவலையில் மிக்ஸியையும் மன்னித்துவிடுவார். இதில் ஒரே ஆபத்து, 'சரி, போங்க' என்று அவர் சொல்லிவிடுவது. அதற்கும் என்னிடம் ஒரு பாதுகாப்பு இருந்தது. அப்போது ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். புதுக் குடித்தனம் வருவதென்றால் ஆவணிதான். அதுவரை வீடு காலியாகக் கிடக்குமே என்று நினைத்தால் அவருக்குத் தூக்கம் வருமா? பஞ்சாங்கமே என் கட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். வசந்தாவிடம் சொல்லவில்லை. வாடகையைக் குறைத்துவிட்டு, அப்புறம் சொல்லி அசத்தலாம் என்று இருந்தேன்.

சாயங்காலம் கோவிந்தராஜு சார் முன்கட்டில் ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். நான் எதிரே நின்றுகொண்டு பேசினேன். வாடகையில் தொடங்கி, மீட்டர், மழை, அருவி, பலாப்பழம் வரை போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"இவ்வளவு சௌகரியமான இடம் இருக்கறப்போ நீங்க ஏன் தம்பி இங்க கஷ்டப்படறீங்க?"

"அதான் சார் நானும் யோசிக்கிறேன். கம்பெனியிலயும் கேட்டா அங்க போட்டுடுவாங்க. இந்த வாடகைக்கு அங்க ராஜா மாதிரி இருக்கலாம்."

"போயிட்டு வாங்க. நல்ல ஊரு. குருவாயூரும் பக்கம்" என்று சொல்லிச் சிரித்தார்.

தோற்றுப்போன மனிதனின் சிரிப்பு அது என்று நான் முடிவு செய்தேன். ஒரு வாரத்தில் இறங்கி வருவார் என்று காத்திருந்தேன். மறுநாள் ஆபீஸில் ஜோசப்பிடம், "பாலக்காடு போறேன்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன்ல!" என்று மீசையை முறுக்கினேன். அவன் முகம் மலர்ந்து, "ரொம்ப நல்லதுப்பா" என்றான். என் ராஜதந்திரத்தைத்தான் பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தேன்.

அடுத்த சில நாட்களில் சில்லறைச் சில்லறையாகச் சில விஷயங்கள் நடந்தன. பால்காரர் வசந்தாவிடம், "உங்களுக்கு அடுத்த மாசமும் பால் ஊத்தணுமாங்க?" என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமை தவறாமல் முன்கட்டிலிருந்து வரும் கோயில் புளியோதரை வரவில்லை. "வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கறாங்க. நான் என்ன பண்ணினேன்?" என்று வசந்தா கண் கலங்கினாள். வயசானவர்களுக்கு ஏதாவது மனத்தாங்கல் இருக்கும் என்று நான் சமாதானம் சொன்னேன். புத்திசாலிகள் இப்படித்தான் சொல்வார்கள்.

வியாழக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

"வாங்க சேதுராமன். பாலக்காடு கேக்கறீங்கன்னு ஜோசப் சொன்னார். அந்த ஊருக்குப் போக ஆள் கிடைக்காம நான் முழிச்சிட்டிருந்தேன். சுப்பிரமணியன் இங்க மாத்தல் கேட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க அங்க போறீங்க, அவர் இங்க வர்றார். ஆர்டர் அடிக்கச் சொல்லிட்டேன்."

"சார்... வீட்ல ஒரு வார்த்தை..."

"கேட்டுக்குங்க, கேட்டுக்குங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடறேன்."

'இல்லை சார், அது வாடகைக்காகச் சொன்ன பொய்' என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். ஆனால் மேனேஜர் அதுவரை என்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லை. முதல் சிரிப்பை வீணாக்க மனம் வரவில்லை. (இப்படியும் ஒரு பிறவி!) சாயங்காலம் வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் சொல்லிவிடுவது என்று பாலம் முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனேன். போனால், அவள் குழாயடியில் அரிசி களைந்துகொண்டே, "இந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டாலே ஸ்கூல் அலுப்பெல்லாம் போயிடுதுங்க" என்றாள். மனப்பாடம் செய்ததையெல்லாம் காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலை. அடுப்பில் ரசம். நான் துண்டைக் கட்டிக்கொண்டு குளிக்கக் கிளம்பியவன். முன்கட்டிலிருந்து கோவிந்தராஜு சார் வந்தார். பின்னால் தலையைக் குனிந்தபடி வீட்டுக்காரம்மா. அவர்களுக்குப் பின்னால் பட்டு வேஷ்டியில் ஒருவர், கையில் பெருமாள் படம். பக்கத்தில் அவர் மனைவி, கையில் ஒரு புது வெண்கலப் பானை, அதில் பால்.

"அடுப்பு கொஞ்சம் காலியாகுமாம்மா?" என்றார் கோவிந்தராஜு சார்.

"என்ன விசேஷம் சார்?" என்றாள் வசந்தா.

"பால் காய்ச்ச வந்திருக்காங்கம்மா. நாளைக்கு ஆடி பொறக்குது. அப்புறம் நல்ல காரியம் எதுவும் பண்ண முடியாது. இன்னிக்கே பாலைக் காய்ச்சி வெச்சுட்டா, ஆவணியில நீங்க பாலக்காடு கிளம்பினதும் இவங்க சாமான் கொண்டாந்துடலாம்."

பஞ்சாங்கத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. குடி வருவதற்குத்தான் ஆவணி. பாலை ஆனியிலேயே காய்ச்சிவிட்டால் வீடு அவர்களுடையது, ஆடி என்ன செய்யும்?

பட்டு வேஷ்டிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சேதுராமன் சார்தானே? நான் சுப்பிரமணியன், பாலக்காடு பிராஞ்ச். ஜோசப் சார் எல்லாம் சொன்னார். என்ன பொருத்தம் பார்த்தேளா! உங்க ஆத்துக்கு நாங்க, எங்க ஆத்துக்கு நீங்க. எல்லாம் பேசி வெச்சுட்டேன்."

துண்டோடு நின்ற எனக்குக் கைகுலுக்கவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. வசந்தா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரசத்தை இறக்கினாள், அடுப்பை ஈரத்துணியால் துடைத்தாள், வந்தவர்களிடம் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தாள், என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க இது?"

"வாடகையைக் குறைக்கறதுக்காக ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"குறைஞ்சுதா?"

"இன்னும் இல்ல."

"ஆபீஸ்ல?"

"இன்னிக்கு ஆர்டர்ல கையெழுத்து."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். கிணற்றுக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். (என்னைத் தள்ளினால் ஆழம் போதுமா என்று பார்க்கிறாள் என நினைத்து இரண்டடி தள்ளி நின்றேன்.) பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே சுப்பிரமணியனின் மனைவி பார்வதி எங்கள் அடுப்படியில் சின்னதாக ஒரு கோலமே போட்டு முடித்திருந்தார். எல்லாரும் சுற்றி நின்றோம். எங்கள் வீட்டிலிருந்து எங்களை வெளியேற்றும் சடங்குக்கு நானே கற்பூரத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ கையில் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பால் பொங்கி விளிம்பைத் தாண்டியது. "கோவிந்தா, கோவிந்தா" என்றார் கோவிந்தராஜு சார். பார்வதி முதல் டம்ளரை வசந்தாவிடம் நீட்டினார்.

வசந்தா வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கிணற்றடியிலிருந்து ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா பின்னாலேயே ஓடினார். அவளிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அப்புறம் வீட்டுக்காரம்மாவின் குரல், வடக்குவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்:

"என் தாயாரே! கண்ணைத் திறந்துட்டியா!"

அவர் உள்ளே வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். நேராகப் புருஷனிடம் போனார். "மாசமா இருக்கற பொண்ணை வீடு மாத்தச் சொல்றதா? அடுக்குமா? ரயில்வேயில இதைத்தான் கத்துக் குடுத்தாங்களா உங்களுக்கு?"

"நான் எங்க சொன்னேன், அவருதான் பாலக்காட்டுல பலாப்பழம்னு..."

"பலாப்பழத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க!"

"சரிம்மா, ஆனா காய்ச்சின பாலுக்கு என்ன பதில் சொல்றது?"

அந்தக் கேள்விக்கும் வீட்டுக்காரம்மாவே பதில் வைத்திருந்தார். வைகுண்ட ஏகாதசிக்கு வரும் சொந்தக்காரர்களுக்காகப் பூட்டியே வைத்திருந்த மாடி அறையைச் சுப்பிரமணியனுக்குக் கொடுப்பது என்று அங்கேயே முடிவாயிற்று. பக்கத்தில் ஒரு கூரை போட்டால் சமையலறை. "வீடு ஒண்ணுதானே, பால் இங்க காய்ச்சினா என்ன, மேல காய்ச்சினா என்ன?" என்றார். சுப்பிரமணியனுக்கும் சம்மதம். பார்வதி வசந்தாவின் வாயில் சர்க்கரையைப் போட்டார்.

அவர்கள் போய்விட்டார்கள். நான் இன்னும் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் முதல் குழந்தையின் செய்தியை, அன்று காலைதான் பார்த்த இரண்டு பேரோடு சேர்ந்து நானும் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. வசந்தா ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள். நான் பஸ்ஸில் காவேரிப் பாலத்தின் மேல் போகும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கண்டக்டரிடம் சொன்னேன். ஆபீஸில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுத்தேன். மேனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சார், வீட்ல மாசமா இருக்காங்க, இப்போ மாத்தல் வேண்டாம்" என்றேன். அவர் ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு என் ஆர்டரை ஓரமாக வைத்தார்; சுப்பிரமணியனின் மாத்தலில் மட்டும் கையெழுத்துப் போட்டு, பாலக்காட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஜோசப் என்னைக் கட்டிப்பிடித்து, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுவதாகச் சொன்னான்.

சாயங்காலம் மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தேன். வசந்தா பூவைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்றாள்.

"எதுக்கா? குழந்தைக்கு!"

"எந்தக் குழந்தைக்கு?"

அல்வாப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்தேன். "காலையில வாந்தி எடுத்தியே?"

"எடுக்கல. சத்தம் மட்டும்தான்." சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள். "நான் வாயால ஒண்ணும் சொல்லலீங்க. அவங்க கேட்டாங்க, நான் தலையை ஆட்டினேன். மூணு வருஷமா ஊரெல்லாம் கேக்கற கேள்விக்கு, இந்த வீட்டுக்காக இன்னிக்குப் பொய்யா தலையாட்டிட்டேன். அந்த அம்மா என்னைக் கட்டிக்கிட்டு எப்படி அழுதாங்க தெரியுமா?"

எனக்கு அன்று வந்த வெட்கம் இப்போது எழுதும்போதும் வருகிறது. பார்க்காத ஊரை வைத்து நான் பொய் சொன்னேன். என்னிடம் இழக்க ஒன்றுமில்லை. அவள், எதைத் தொட்டால் அவளுக்கே வலிக்குமோ அதையெடுத்து என் பொய்க்கு முட்டுக் கொடுத்திருந்தாள். அந்த நேரத்தில் வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. உறையூரிலிருந்து மாமியார், ஒரு கூடை மாங்காயோடு இறங்கினார். செய்தி காவேரியைத் தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் எனக்கே தாங்காது. முன்கட்டிலிருந்து தினமும் ஏதாவது வந்தது: குங்குமப்பூப் போட்ட பால், பத்தியச் சாப்பாடு, புளியோதரை. வசந்தா தூக்கி வந்த ரேஷன் பையை நான் பிடுங்கித் தூக்கினேன், தெரு பார்க்க. மிக்ஸிக்குப் பாயிண்ட் கேட்கவில்லை, பிள்ளைத்தாய்ச்சி அம்மியில் அரைக்கக்கூடாது என்று வீட்டுக்காரம்மா உத்தரவு. வாடகையை நானே ஆவணியிலிருந்து பத்து ரூபாய் கூட்டிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

மாடியிலிருந்து சுப்பிரமணியன் அடிக்கடி இறங்கி வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அவ்வளவு குறைஞ்ச வாடகை வீட்டை விட்டுட்டு ஏன் சார் வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வாடகையா? அது மாமனாரோட சொந்த வீடாக்கும். நாலு பேர் எதிர்ல கௌரவமா இருக்கட்டும்னு மாசாமாசம் கையில ஏதோ குடுப்பேன். நான் எப்போ வரேன், எவ்வளவு சாப்பிடறேன், எல்லாத்துக்கும் கணக்கு. பாயிண்ட்டுக்குக் கணக்குப் பார்க்கற மனுஷரோட நிம்மதியா இருக்கலாம் சார்" என்றார்.

நான் ஒரு மாநிலத்தையே அளந்த அளவுகோல் ஒரு மாப்பிள்ளையின் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அருவி, மழை, பலாப்பழம் எல்லாம் அன்றோடு வற்றிப்போயின.

பொய் இப்படியே எத்தனை நாள் ஓடும் என்று நாங்கள் இருவரும் பயந்துகொண்டிருந்தபோது, நவராத்திரி முடிந்த கையோடு அது உண்மையாகிவிட்டது. வசந்தா இந்தத் தடவை சத்தமில்லாமல் வந்து சொன்னாள். நான் நம்பவில்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியபின்தான் நம்பினேன். அப்போதும் வெளியே சொல்லிக் கொண்டாட முடியாத நிலைமை, ஏற்கெனவே சாக்லேட் கொடுத்தாகிவிட்டதே. பங்குனியில் தெருப் பெண்கள் வந்து வயிற்றைப் பார்த்தார்கள், விரலை மடக்கினார்கள், குழம்பிப்போய்த் திரும்பினார்கள். வளைகாப்பு ஏன் தள்ளிப்போகிறது என்று கேட்டவர்களுக்கு வீட்டுக்காரம்மாவே, "சில குழந்தை அப்படித்தான், நிதானமா வரும்" என்று பதில் சொல்லி அனுப்பினார். அடுத்த ஆனியில் என் மகள் பிறந்தாள். ஊர்க் கணக்குப்படி அவள் ஒரு வருஷத்துக்கு மேல் வயிற்றில் இருந்தவள்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, வசந்தாவால் அதற்குமேல் மறைக்க முடியவில்லை. வீட்டுக்காரம்மாவின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு, "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்டி" என்றார் அவர். "போன வருஷம் முதல் ஆடி வெள்ளிக்குத் தலைவலின்னு மூணு நாள் கோயில் பக்கமே வராம இருந்தியே, அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"சொன்னா உன் வீட்டுக்காரர் பாலக்காடு போயிருப்பார். அவர் போனா போகட்டும். கூட நீயும்ல போயிருப்பே?"

சொல்லிவிட்டுக் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டே அத்தனை மாதம் குங்குமப்பூப் பால் அனுப்பியிருக்கிறார். நான் கொல்லைக்குப் போய்க் கூடத்து விளக்கு எரியும்போதே கொல்லை விளக்கையும் போட்டேன். முன்கட்டிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

கடைசிவரைக்கும் நம்பியவர் கோவிந்தராஜு சார் ஒருவர்தான். "பன்னிரண்டு மாசம் சார், பன்னிரண்டு மாசம்! எல்லாம் அம்மாமண்டபத்துத் தண்ணி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அடுத்த தடவை வாடகை ஏற்றும்போது, அப்படி ஒரு குழந்தை பிறந்த ராசியான வீடு என்பதையே காரணமாகச் சொன்னார். நான் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்தேன்.

அந்தப் பன்னிரண்டு மாசக்காரி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கதை முழுக்க அவளுக்குத் தெரியும். அவள் அம்மா அந்த ஒற்றை வாக்கியத்தோடு சொன்னது. போன மாதம் வேறு வீடு பார்ப்பதாக ஃபோனில் சொன்னாள். வாடகையைக் கேட்டேன். கேட்டதும் உள்ளே உறங்கிக்கொண்டிருந்த வியாதி எழுந்து உட்கார்ந்தது.

"ஏம்மா, எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் ஓசூருக்கு வந்துட்டா..."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அப்பா, பால் காய்ச்சிட்டேன்."